கடலோர ஈரத்தில் பாட்டாவின் ஸ்டாம்ப் ஆல்பங்கள்: பசை ஒட்டிவிட்டது, பழுப்புப் புள்ளி வந்துவிட்டது

நாஞ்சில்காரன் | அக்டோபர் 19

இத்தனை நாள் இங்கே வாசிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன். இப்போது உதவி வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் எங்கள் குடும்ப வீடு. கடல் கூப்பிடு தூரம். பாட்டா, திருவிதாங்கூர் அஞ்சல் தனியாக இருந்த காலத்திலேயே ஸ்டாம்ப் சேர்க்கத் தொடங்கியவர். ஏழு ஆல்பம், இரண்டு ஸ்டாக் புக் (ஒட்டாமல் பட்டைக்குள் செருகி வைக்கும் புத்தகம்), ஒரு பிஸ்கட் டப்பா நிறைய உறையிலிருந்து வெட்டியெடுத்த தபால் தலைகள். சங்கு போட்ட, சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசில் விலை போட்ட பழைய தலைகள், 1937 ஆலயப் பிரவேச வரிசை, 1939-ல் வந்த கன்னியாகுமரி, பேச்சிப்பாறை படங்கள், அப்புறம் 1947, 48 இந்தியத் தலைகள். பாட்டா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எல்லாம் மாடி அறை இரும்பு பீரோவில். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது. எங்கள் ஊர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் சுவர் காய நேரமே கிடையாது.

போன வாரம் திறந்தேன். முதலில் வந்தது அந்த வாசம். அடுத்து பக்கங்களில் பழுப்புப் புள்ளி. 1948 காந்தி ஒன்றரை அணா, நான்கு தலை சேர்ந்த பிளாக், மேலே இருந்த கிளாசின் தாளோடு (வழவழப்பான, பாதி ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுபதுகளின் மின்ட் தலைகள் (பயன்படுத்தாத, பசை அப்படியே உள்ளவை) சில ஒன்றோடொன்று அப்பிக்கிடக்கின்றன. ஒரு பக்கத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி ஏதோ.

பயந்துபோய் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியும், கூடவே நாலு பாச்சை உருண்டையும் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். சரியா? ஐயாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும்.

உப்பளத்தான் | அக்டோபர் 19

தம்பி, முதல் வேலையாக அரிசியை எடுத்துச் சோறாக்குங்கள். அரிசி ஈரத்தை உறிஞ்சுவது மிகக் கொஞ்சம், வண்டைக் கூப்பிடுவது நிறைய. வண்டு வந்தால் மாவும் பசையும் எங்கே என்று தேடும். உங்கள் பாட்டாவின் ஆல்பம் அதற்கு விருந்து.

பாச்சை உருண்டையையும் வெளியே போடுங்கள். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தலையைச் செருகி வைக்கும் பழைய மவுண்ட் உறைகள் பல பாலிஸ்டைரீனில் செய்தவை, அவை ஒட்டும் பதத்துக்கு வந்துவிடும். பூஞ்சைக்கு அது மருந்தும் இல்லை.

அடுத்தது, ஒட்டியதை இப்போது எதுவும் பிரிக்காதீர்கள். கை துறுதுறுக்கும், தெரியும். நான் இருபது வயதில் அப்படி ஒரு மினியேச்சர் ஷீட்டை (தலையைச் சின்னத் தாளாகவே வெளியிடுவது) பிரித்து, படத்தின் மேல்தோலை இன்னொரு தாளில் பார்த்தவன்.

பீரோவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இழுங்கள். காசு செலவில்லாத வேலை, ஆனால் பாதி வியாதி அங்கேதான் இருக்கிறது.

மாடிவெயில் | அக்டோபர் 20

எங்கள் வீட்டில் ஆல்பம், புத்தகம், ஊறுகாய் எல்லாமே மொட்டைமாடி வெயில்தான். இரண்டு மணி நேரம் காட்டினால் பூஞ்சணம் ஓடிவிடும். எதற்கு இவ்வளவு பயம்?

பழந்தாள் | அக்டோபர் 20

//இரண்டு மணி நேரம் காட்டினால் பூஞ்சணம் ஓடிவிடும்//

ஊறுகாய்க்குச் சரி. ஸ்டாம்ப்புக்கு வேண்டாம். வெயில் மையை வெளுக்கும், அதுவும் சிவப்பு, ஊதா வகைச் சாயங்களில் சில கண்முன்னே போகும். ஒரு பக்கம் மட்டும் சூடானால் தாள் சுருளும், பசை வெடிக்கும். வெளுத்த நிறம் திரும்பவும் வராது.

நான் ஒரு நூலகத்தில் பழைய தாள்களைச் சீர்செய்யும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள். நாஞ்சில்காரன், நீங்கள் சொன்ன வெள்ளைப் பொடி உயிருள்ள பூஞ்சை. அதை இந்த ஈர நிலையில் துடைத்தால் தாளுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். முதலில் அந்த ஆல்பத்தை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். காற்றோட்டமான, நிழலான அறையில், ஈரம் குறைந்த நாளில், விசிறி மாதிரிப் பக்கங்களை விரித்து நிறுத்துங்கள். பொடி காய்ந்து அடங்கிய பிறகு, வெளித் திண்ணையில் உட்கார்ந்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, மெல்லிய ஓவியத் தூரிகையால் உங்களை விட்டு வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். வீட்டுக்குள் செய்தால் வித்து மற்ற ஆறு ஆல்பத்துக்கும் போகும்.

பழுப்புப் புள்ளி வேறு கதை. அது பெரும்பாலும் பழைய பூஞ்சை விட்டுப்போன கறையும், தாளிலேயே இருக்கும் இரும்புத் துகளும் சேர்ந்து செய்வது. அதை வெளுக்க என்று ப்ளீச் கலந்த மருந்துகள் சொல்வார்கள். புள்ளி போகும், கூடவே தாளின் வலுவும் போகும். புள்ளி பரவாமல் நிறுத்துவதுதான் நம் வேலை.

எந்த அளவு ஈரத்தில் பூஞ்சை வளரும் என்பதை மனதில் வையுங்கள். காற்றின் சார்பு ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் வளரும். மின்ட் பசையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பிசுபிசுக்கத் தொடங்கும். 40-லிருந்து 55-க்குள் ஆடாமல் நின்றால் தாளும் பசையும் நிம்மதியாக இருக்கும். இன்று 45, நாளை 75 என்று ஆடினால் அதுவே தனி நோய். தாள் ஒரு வேகத்தில் விரியும், பசை இன்னொரு வேகத்தில் விரியும்.

நாஞ்சில்காரன் | அக்டோபர் 20

நன்றி அக்கா. அரிசி வெளியே வந்துவிட்டது (அம்மாவுக்கு அதில்தான் சந்தோஷம்). ஆல்பங்களை ஏசி அறைக்கு மாற்றலாமா? இரவு மட்டும் ஓடும்.

வெள்ளவத்தைவாசி | அக்டோபர் 21

தயவுசெய்து வேண்டாம். இதில் நான் சூடுபட்ட ஆள்.

நாங்கள் இங்கே முத்திரை என்றுதான் சொல்லுவோம், தபால் தலை என்று எழுதப் பழகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஆறாம் ஜோர்ஜ் காலத்து 1938 வரிசையை மின்ட் நிலையில் சேர்த்து வைத்திருந்தேன். குளிரூட்டி அறையில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து, படுக்கையறை அலுமாரிக்கு மாற்றினேன். காலையில் குளிரூட்டியை நிறுத்துவோம், ஜன்னலைத் திறப்போம். இரண்டு மாதத்தில் பசைப் பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதாவது உருகி மறுபடி உறைந்துவிட்டது.

பிறகுதான் கணக்கு விளங்கியது. வெளியில் 30 பாகை (டிகிரி), ஈரம் 80 சதவீதம் என்றால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் நீர் படியும். என் அல்பம் 24 பாகையில் இருந்தது. குளிர்ந்த சோடாப் போத்தல் வியர்க்கிறதே, அதுதான் ஒவ்வொரு காலையும் நடந்தது. நாள் முழுக்க ஓடும் குளிரூட்டி என்றால் வேறு விஷயம். அரைநாள் குளிரூட்டியை விட, ஒரே சீரான வெக்கை மேல்.

இன்னொன்று. கிளாசின் தாள் இடையில் வரும் ஸ்டொக் புக்குகள் எங்கள் காற்றுக்கு ஒத்துவராது. அந்தத் தாளே ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக நெளியும். நெளிந்த இடம் முத்திரையை அழுத்தும், அழுத்திய இடம் ஒட்டும். அல்பங்களைப் படுக்கப்போட்டு ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருந்தீர்களா? அப்படியென்றால் அடியில் கிடந்ததுதான் அதிகம் ஒட்டியிருக்கும்.

நாஞ்சில்காரன் | அக்டோபர் 21

அடுக்கித்தான் இருந்தது. காந்தி பிளாக் அடி ஆல்பத்தில்.

சிங்கைச் சில்லறை | அக்டோபர் 21

ஏழு ஆல்பத்துக்கு ஒரே பதில்: கேமரா வைக்கும் மின்சார டிரை கேபினட் (உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி). சிங்கப்பூரில் வருடம் 365 நாளும் மழைக்காலம்தான். என்னிடம் எட்டு வருடமாக ஓடுகிறது. ஈரத்தை 48 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஒரு தலைகூட ஒட்டவில்லை. கேமரா ஆட்கள் சொல்வதைக் கேட்டு 35-க்கு இறக்கிவிடாதீர்கள். லென்ஸுக்கு அது நல்லது, பசைக்கு இல்லை. பழைய கெட்டிப் பசை காய்ந்து வெடித்தால் அந்த வெடிப்பு தாளையும் கிழிக்கும்.

உப்பளத்தான் | அக்டோபர் 22

//ஒரே பதில்//

சிங்கப்பூரில் கரண்ட் போகாது ஐயா. எங்கள் ஊரில் புயல் வந்தால் மூன்று நாள் போகும். கேபினட் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பி மட்டும் இருக்காதே என்கிறேன். அப்புறம் அவர் கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது. ஏழு ஆல்பம் கொள்ளும் கேபினட் அதற்குள் அடங்காது.

நான் இருபது வருடமாக ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாப் பெட்டியும் சிலிகா ஜெல்லும்தான். பெட்டி பாலிப்ராப்பிலீன், உணவுப்பொருள் வைப்பார்களே அதே ரகம். ஜெல் துணிப்பையில் இருக்கும், ஆல்பத்தைத் தொடாது.

மாடிவெயில் | அக்டோபர் 22

நான் அதையும் செய்து பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கும்போது வரும் சின்னப் பொட்டலங்கள் பத்துப் பதினைந்து போட்டு மூடினேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே வெளியைவிட ஈரம். அதனால்தான் வெயிலுக்கே போனேன்.

பழந்தாள் | அக்டோபர் 22

நீங்கள் சொல்வது நடந்திருக்கும். பலர் ஏமாறும் இடமும் இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றில் தண்ணீர் மிகக் கொஞ்சம். ஐம்பது லிட்டர் பெட்டி, 30 டிகிரி, 80 சதவீதம் என்றால், காற்றில் இருப்பது ஒரு கிராமுக்குச் சற்று மேல். செருப்புப் பொட்டலமே அதைக் குடித்துவிடும். ஆனால் தண்ணீர் காற்றில் இல்லை, தாளில் இருக்கிறது. 80 சதவீத ஈரத்தில் ஊறிய தாள் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் வைத்திருக்கும், 50 சதவீதத்தில் ஆறு, ஏழுதான். ஐந்து கிலோ ஆல்பத்தை அந்த நிலைக்கு இறக்க ஏறத்தாழ 200 கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர்! அதைப் பிடிக்க ஒரு கிலோவுக்குக் குறையாமல் ஜெல் வேண்டும். பத்துப் பொட்டலம் முதல் நாளே நிரம்பிவிடும். அப்புறம் நீங்கள் மூடிவைத்தது ஈர ஆல்பத்தை ஈரத்தோடு. பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

ஆகவே முதலில் ஆல்பத்தைக் காயவைக்க வேண்டும், அதன் பிறகு மூட வேண்டும். காய்ந்த ஆல்பத்தைக் காய்ந்தபடி வைத்திருக்க ஜெல் போதும்.

உப்பளத்தான் | அக்டோபர் 22

அக்கா சொன்னது பொன். நான் தை, மாசியில்தான் பெட்டியை மூடுவேன், காரணம் இப்போதுதான் புரிகிறது. ஐப்பசியில் மூடியவன் பூஞ்சணத்தைச் சேர்த்து மூடுகிறான்.

ஜெல் விஷயத்தில் ஒன்று: நீல மணி, ஈரமானால் இளஞ்சிவப்பு ஆகுமே, அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. உடம்புக்கு ஆகாதது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சு மணி வாங்குங்கள். நிரம்பியதும் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் பழையபடி வேலை செய்யும். ஆறவைத்த பிறகே பெட்டிக்குள் போட வேண்டும். அலமாரிக்கு என்று கடையில் தொங்கவிடும் பை விற்கிறார்களே, தண்ணீர் கீழே சேருமே, அது கால்சியம் குளோரைடு. அதை ஆல்பம் பக்கத்தில் அண்டவிடாதீர்கள். பை ஒருமுறை கசிந்தால் உப்புக்கரைசல் கீழ் ஆல்பத்தில் இறங்கும், அது காயவே காயாது.

சிங்கைச் சில்லறை | அக்டோபர் 23

சரி, பெட்டிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே ஒரு ஈரமானி கட்டாயம். சில நூறு ரூபாய் டிஜிட்டல் போதும், ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சேறு பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் கவரில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடைய ஒன்று 69 காட்டியது. ஆறு கூட்டிக்கொண்டு படிக்கிறேன், தூக்கி எறியவில்லை.

நாஞ்சில்காரன் | அக்டோபர் 23

உப்புச் சோதனை செய்தேன். 78. மூன்று கழிக்கணும். இன்று காலை மாடி அறை (கழித்த பிறகு) 84.

காந்தி பிளாக் பற்றி யாராவது சொல்லுங்களேன். அதைப் பார்த்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. பாட்டா, அது சுவிட்சர்லாந்தில் அச்சானது, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்கு வந்தது என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

வெள்ளவத்தைவாசி | அக்டோபர் 23

தண்ணீரில் போட்டால் சுலபமாகக் கழன்றுவிடும். பசை போகும். போனால் என்ன? நான் கேட்கிறேன், அல்பத்தில் யார் முத்திரையின் முதுகைப் பார்க்கிறார்கள்? ஜெர்மனியில் 1935-ல் வந்த ஓஸ்ட்ரோபா ஷீட்டின் பசையில் அமிலம் இருந்தது, தாளையே தின்றது. அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பசையைக் கழுவி எடுத்தார்கள். பசையைத் தெய்வமாக்கியது வியாபாரிகள்தான்.

சிங்கைச் சில்லறை | அக்டோபர் 23

ஓஸ்ட்ரோபா விதிவிலக்கு. மற்றதில் பசையும் அந்தத் தலையின் ஒரு பகுதி. விற்கப்போனால் தெரியும்.

வெள்ளவத்தைவாசி | அக்டோபர் 23

பாட்டாவின் அல்பத்தை அவர் விற்கப் போகிறாரா?

பழந்தாள் | அக்டோபர் 24

இரண்டு பேரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கடைசி வழி. அதற்கு முன் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, குளிர். பிளாக்கைக் கிளாசின் தாளோடு அப்படியே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு நாள். பசை இறுகி நொறுங்கும் பதத்துக்கு வரும். எடுத்த உடனே, ஈரம் படியும் முன், தாளை மெல்ல வளைத்தால் சில சமயம் ‘டிக்’ என்று விடும். சில சமயம் விடாது. விடாவிட்டால் இழுக்கக் கூடாது, கவரை மூடி மறுபடி உள்ளே.

இன்னொன்று, ஈரப்பெட்டி. மூடியுள்ள டப்பாவின் அடியில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் வலை, வலைமேல் ஒட்டிய தாள். சில மணி நேரத்தில் பசை இளகும், கிளாசினைத் தட்டையாக மடக்கிப் பின்னோக்கி உரிக்கலாம். பசை பழையபடி இருக்காது, ஆனால் முழுக்கவும் போகாது. அரை மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலை இல்லை.

நீங்கள் கேட்டால், முதலில் எழுபதுகளின் மலிவான தலைகளில் பழகுங்கள். கை பழகிய பிறகு காந்தி. அதுவரை ஒட்டியபடியே காய்ந்த பெட்டியில் இருக்கட்டும், ஒன்றும் கெட்டுவிடாது.

திருவிதாங்கூர்த் தலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சமஸ்தானத் தலைகளில் பசையே இல்லாமல் வெளியானவை உண்டு. முதுகு வழவழவென்று இருக்கிறதே, பசை போய்விட்டதே என்று பதறும் முன் ஸ்டாம்ப் பட்டியலை (கேட்டலாக்) பாருங்கள்.

வேளச்சேரி | அக்டோபர் 25

தாமதமாக வருகிறேன். எல்லாரும் காற்றின் ஈரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், தண்ணீரே உள்ளே வந்தால்? 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு. கீழ்த்தட்டில் இருந்த மூன்று ஆல்பம் போனது. மேல்தட்டில் இருந்தவை பிழைத்தன, ஆனால் நாலு நாள் மூடிய வீட்டின் புழுக்கத்தில் அவற்றிலும் பூஞ்சை பூத்தது. இப்போது எதுவும் தரையிலிருந்து ஐந்தடிக்குக் கீழே இல்லை.

நனைந்ததில் நான் காப்பாற்றியது அஞ்சல் உறைகளை மட்டும்தான், அதுவும் தற்செயலாக. உறைக் கட்டு ஒன்றை ஜிப் கவரில் போட்டு, கரண்ட் வந்ததும் பக்கத்துத் தெரு உறவினர் வீட்டு ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து நிதானமாக ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்தேன். வெளியே வைத்த கட்டு அதற்குள் கறுப்பாகிவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை: 2011-ல் வந்த காதித் துணி காந்தி இருந்தால் தனியாக வையுங்கள். பருத்தி, ஈரத்தைத் தாளைவிட ஆசையாக வாங்கும். என்னிடம் இருந்ததில்தான் முதல் பூ. பூட்டானின் 1969 எஃகுத் தகடு ஸ்டாம்ப்பும் ஒன்று வைத்திருந்தேன். சென்னைக் காற்றில் ஓரம் துருப்பிடித்து, பக்கத்துத் தலைக்கும் துருவைப் பூசியது. சிரிக்காதீர்கள்.

உப்பளத்தான் | அக்டோபர் 25

சிரித்துவிட்டேன், மன்னிக்கணும்.

மாடிவெயில் | அக்டோபர் 26

நானும் ஒரு கிலோ ஆரஞ்சு மணி வாங்கிவிட்டேன். ஊறுகாய் மட்டும் மாடியில் தொடரும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பு வைக்கலாமா? ஓலைச்சுவடிக்கு வைப்பார்களே.

பழந்தாள் | அக்டோபர் 26

வசம்பைத் துணியில் முடிந்து பீரோவின் மூலையில் வைக்கலாம், ஆல்பத்துக்குள் வேண்டாம், எண்ணெய்க் கறை ஏறும். ராமபாணம் வருவதே ஈரம் இருப்பதால்தான். 50-க்கு இறக்கினால் தானே கிளம்பிவிடும். முட்டை இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், முத்திரை குத்திய சாதாரணத் தலைகளின் டப்பாவைக் கவரில் மூடி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் கழித்தே கவரைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளவத்தைக்காரரின் சோடாப் போத்தல்தான்.

நாஞ்சில்காரன் | பிப்ரவரி 11

நாலு மாதம் கழித்து வருகிறேன். என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

மழை முடியும்வரை ஆல்பங்களைக் கீழ் அறையில் மேசைமேல் நிமிர்த்தி வைத்து, ஃபேன் சுவரைப் பார்த்து ஓடும்படி விட்டிருந்தேன். நேரடிக் காற்று படவில்லை. தை பிறந்து கிழக்கிலிருந்து காய்ந்த காற்று வந்ததும், பத்து நாள் மதியம் மட்டும் பக்கங்களை விரித்து வைத்தேன். மானி 58 வரை இறங்கிய ஒரு மதியம் மூன்று பெட்டிகளில் மூடினேன், பெட்டிக்கு ஒன்றரைக் கிலோ ஜெல். இன்று உள்ளே 49, 51, 50. பூஞ்சைப் பக்கத்தைத் திண்ணையில் தூரிகையால் தட்டினேன். கிளாசின் எல்லாம் போய்விட்டது, பாலியெஸ்டர் பக்கங்கள் கொண்ட ஒரு ஸ்டாக் புக் வாங்கினேன். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். அம்மாவிடம் ஐயாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் தலைகளில் பதினான்கைக் கெடுத்துப் பழகினேன். காந்தி பிளாக் மூன்றாம் தடவை ஃப்ரீசரில் வைத்தபோது முக்கால்வாசி விட்டது. கீழ் வலது தலையில் நகத்தளவு கிளாசின் இன்னும் இருக்கிறது. ஈரப்பெட்டியில் போட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். 1939 பேச்சிப்பாறைத் தலையின் வானத்தில் நாலு பழுப்புப் புள்ளி. மழை மேகம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிஸ்கட் டப்பாவின் அடியில் பாட்டாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: ‘பங்குனியில் வெளியே எடுத்துக் காற்றாட வைக்கவும்.’

உப்பளத்தான் | பிப்ரவரி 11

பாட்டாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் பங்குனி வரை காத்திருக்காதீர்கள் தம்பி, மாசியிலேயே எடுங்கள். உங்கள் பக்கம் பங்குனிக் கடைசியில் கோடை மழை இறங்கிவிடும். ஜெல்லையும் அப்போதே ஓவனில் போடுங்கள், ஜூன் வரை தாங்கும்.

வெள்ளவத்தைவாசி | பிப்ரவரி 12

அந்தச் சீட்டையும் பாலியெஸ்டர் கவரில் போட்டு அல்பத்தின் முதல் பக்கத்தில் வையுங்கள். அதற்குப் பசை இல்லை, என்னோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.